மாணவிக்குப் பின்னால் இருந்த நாற்காலி

முதியோர் மருத்துவம் படித்த அந்த டாக்டருக்குக் கேமரா முன்னால் உட்கார்ந்து பாடம் நடத்துவது வேப்பங்காயாகக் கசந்தது. வார்டில் கட்டிலுக்குக் கட்டில் நின்று, "இவர் கையைப் பிடிச்சுப் பாருங்க" என்று சொல்லிக்கொடுத்தே பழகியவர். முதுகில் அறுவை சிகிச்சை ஆன பிறகு நெடுநேரம் நிற்க முடியவில்லை. கல்லூரி அவரிடம் ஆன்லைன் வகுப்பை ஒப்படைத்துவிட்டது. படுக்கையறை மூலையில் மேசை. பின்னால் துணிக்கொடி, அதை மறைக்க ஒரு போர்வை. வகுப்பு முடியும்வரை கணவர் சமையலறையில் பூனை மாதிரி நடமாடுவார்.

மாணவர்கள் கறுப்புக் கட்டங்களாகத் தெரிந்தால் அவருக்குப் பொறுக்காது. "சுவத்துகிட்ட பேச என்னால ஆகாது. முகத்தைக் காட்டுங்க" என்பார். பிள்ளைகள் அவருக்குக் 'கேமரா மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அன்றைய பாடம், வயதானவர்களுக்குத் திடீரென்று வரும் மனக்குழப்பம்.

"கத்துற பெரியவரை எல்லாரும் கவனிப்பாங்க. சத்தமில்லாம சுருண்டு கிடக்கிறவரைத்தான் கோட்டை விடுவோம். நேத்து எப்படி இருந்தார்னு கேளுங்க. அதுதான் முதல் கேள்வி."

சொல்லிக்கொண்டே வந்தவரின் பார்வை ஒரு மாணவியின் கட்டத்தில் போய் நின்றது.

அந்த மாணவி எப்போதும் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துதான் வகுப்பைக் கேட்பாள். உள்ளே சிக்னல் கிடைக்காதாம். அவளுக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் அவளுடைய பெரியப்பா இருப்பார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வகுப்பு நடுவில் எழுந்து வந்து, "பகல்ல எதுக்கு லைட்டு" என்று முணுமுணுத்தபடி விளக்கை அணைத்துவிட்டுப் போவார். அவள் மறுபடி போடுவாள். வகுப்பே சிரிக்கும்.

அன்று அவர் எழுந்திருக்கவே இல்லை. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. டாக்டர் அந்தக் கட்டத்தைப் பெரிதாக்கினார். நாற்காலிக் கையில் கிடந்த விரல்கள் துடித்துத் துடித்து அடங்கின. சட்டை நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது.

அடுத்தவர் வீட்டுக்குள் மூக்கை நுழைப்பதா? வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வெறும் தூக்கமாக இருந்தால் மானம் போகும். இல்லையென்றால்?

"ஏம்மா, திரும்பிப் பாரு. பெரியப்பாவை எழுப்பு. மத்தவங்க எல்லாரும் வகுப்பை விட்டு வெளியே போங்க."

கட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. மாணவியின் அம்மா உள்ளிருந்து வந்தார்.

"விடுங்க மேடம், ராத்திரி பூரா தூங்கல. இப்பத்தான் கண்ணசந்திருக்காரு."

"கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல, எழுப்பிப் பாருங்க. காலையில சாப்பிட்டாரா?"

"வேண்டாம்னுட்டாரு. சர்க்கரை மாத்திரை மட்டும் போட்டுக்கிட்டாரு."

"வெறும் வயித்துல மாத்திரையா? சர்க்கரை எவ்வளவுன்னு பாரும்மா" என்றார் டாக்டர். மாணவி தோளைப் பிடித்து உலுக்கினாள். கண் திறக்கவில்லை. வீட்டில் இருந்த சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்து வந்து விரலில் குத்தினாள்.

"முப்பத்தொண்ணு மேடம்."

"சர்க்கரை ரொம்ப இறங்கிடுச்சு. ஆம்புலன்ஸைக் கூப்பிடு. இப்பவே."

அவள் வீட்டிலிருந்த இன்னொரு போனில் கூப்பிட்டு முடிப்பதற்குள் அம்மா சர்க்கரைத் தண்ணீரோடு ஓடிவந்துவிட்டார்.

"ஊத்தாதீங்க. நினைவில்லாதவர் வாயில எதையும் ஊத்தக்கூடாது. நுரையீரலுக்குள்ள போயிடும்."

"சர்க்கரை இறங்கிடுச்சுன்னு சொல்றீங்க. சர்க்கரையும் குடுக்காதேன்னா எப்படி? கண்ணெதிர்ல சாகவிடச் சொல்றீங்களா?"

மாணவி அம்மாவின் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கித் தரையில் வைத்தாள். இருவரும் பெரியவரைக் கீழே இறக்கி ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். போன் எங்கேயோ கவிழ்ந்தது. அதன்பின் டாக்டருக்குத் தெரிந்ததெல்லாம் இருட்டுதான்.

"மூச்சு வருதா? பேசிக்கிட்டே இரும்மா."

"வருது மேடம். வருது."

எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஊசி ஏற்றிய கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. ஒருவழியாக ஆம்புலன்ஸ் ஆட்களின் காலடிச் சத்தம், அதட்டல், பெட்டி திறக்கும் ஓசை. "குளுக்கோஸ் ஏத்து" என்று ஒரு குரல். கடைசியில் குழறலாக ஒரு கிழக்குரல்:

"யாருய்யா நீங்கல்லாம்?"

அம்மா அழத் தொடங்கினார். "எழுந்துட்டாரு. இனி ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டிலேயே பாத்துக்கிறோம்."

"அங்கதான் ஏமாந்துடுவோம்" என்றார் டாக்டர். "வயசானவங்க உடம்புல அந்த மாத்திரை சீக்கிரம் அடங்காது. மறுபடி சர்க்கரையை இறக்கிவிடும். கூட்டிட்டுப் போங்க."

அரைமனதாகக் கூட்டிப்போனார்கள். மாலையில் ஆஸ்பத்திரியிலேயே சர்க்கரை மறுபடி சரிந்தது. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்ததால் தப்பித்தார். அவருடைய கிட்னி பாதி ஓய்ந்து, மாத்திரை வெளியேறாமல் உடம்பிலேயே தங்கிவந்தது அப்போதுதான் தெரியவந்தது. மாத்திரையை மாற்றினார்கள். வீடு திரும்பியபோது பழைய நடை இல்லை, கைத்தடி வேண்டியிருந்தது.

சில நாள் கழித்து மாணவியின் அம்மா போன் செய்தார். முதலில் நன்றி சொன்னார்.

"ஒண்ணு கேக்கணும். எங்க வீட்டை இத்தனை நாளா பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

டாக்டருக்குச் சுருக்கென்றது. "ஆமாங்க. கண்ணுல பட்டுச்சு."

"பாத்தது நல்லதாச்சு. அந்த டம்ளரை அவர் வாயில ஊத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சாத்தான் தூக்கம் வர மாட்டேங்குது மேடம்" என்றார் அந்த அம்மா.

"எனக்கும்தாங்க" என்றார் டாக்டர்.