கிடங்கில் ஊதிய மூச்சு

தீபாவளிச் சரக்கு இறங்கிய வாரத்தில்தான் முதல் இருமல் வந்தது. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்பவள் நான். வாடிக்கையாளர் முன்னால் இருமினால் வியாபாரம் படுத்துவிடும் என்று மேலாளர் அண்ணாச்சி என்னைத் தரைக்கடியில் உள்ள கிடங்குக்கு அனுப்பினார். சரக்குக் கட்டுகளைப் பிரித்து, சேலையை உதறி, விலைச்சீட்டு ஒட்டும் வேலை. உதறும்போதெல்லாம் பஞ்சுத்தூள் பறக்கும்.

டாக்டரைப் பார்க்க அரை நாள் லீவு கேட்டேன். "சீசன் முடியட்டும்" என்றார் அண்ணாச்சி. விசிலடிக்கும் நெஞ்சோடு ஆறு வாரம் ஓட்டினேன். திருவான்மியூர் மருந்தீஸ்வரரிடம் எல்லாரும் நோய் தீர வேண்டிக்கொள்வார்கள். நான் அண்ணாச்சிக்கும் இதே மூச்சு வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ராயப்பேட்டையில் பார்த்த டாக்டரம்மா, ஆஸ்துமாவாக (மூச்சுக்குழாய் சுருங்கும் நோய்) இருக்கலாம் என்றார். மூச்சில் இழுக்கும் மருந்தோடு ஒரு பீக் ஃப்ளோ மீட்டரும் (எவ்வளவு வேகமாக மூச்சை ஊதித் தள்ளுகிறோம் என்று காட்டும் குழாய்) வாங்கச் சொன்னார். மூச்சை முழுக்க இழுத்து, ஒரே தம்மில் ஊத வேண்டும். மூன்று முறை ஊதிப் பெரிய எண்ணை எழுத வேண்டும். தினமும் நான்கு தடவை.

நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். எங்கள் கடையில் பை, போன் எல்லாம் வாசலில் ஒப்படைக்க வேண்டும், சோற்றுப் பை மட்டும்தான் உள்ளே போகும். அதனால் வீட்டில் ஊதியதை மட்டும் எழுதிக்கொண்டு போனேன். டாக்டரம்மா நோட்டைப் புரட்டிவிட்டு, "வேலை செய்ற இடத்துல ஊதவே இல்லியேம்மா, அதான முக்கியம்" என்றார்.

மறுநாள் சோற்றுப் பைக்குள் மீட்டரும் போனது. வீட்டில் முந்நூற்று எழுபது. கிடங்கில் மதியம் இருநூற்று இருபது. வார லீவில் மறுபடி ஏறியது.

இரண்டாம் வாரம் அண்ணாச்சி கையும் களவுமாகப் பிடித்தார்.

"ஏளா, நடிக்கதுக்குச் சாமானெல்லாம் வச்சிருக்கியா?"

குழாயைச் சோப்புப் போட்டுக் கழுவி நீட்டினேன். "நீங்களே ஊதிப் பாருங்க அண்ணாச்சி."

பதினெட்டு வருடமாக அந்தக் கிடங்கே கதியென்று இருப்பவர். எல்லாரும் பார்க்க மூன்று முறை ஊதினார். இருநூற்று நாற்பதைத் தாண்டவில்லை. ஆம்பளைக்கு எவ்வளவு வரணும் என்று மெதுவாகக் கேட்டார். டாக்டரம்மா காட்டிய அட்டவணை நினைவில் இருந்தது. அவர் வயதுக்கும் உயரத்துக்கும் ஐந்நூறாவது வர வேண்டும் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். பொய் சொல்வானேன், வயிறு குளிர்ந்தது.

நோட்டைப் பார்த்த டாக்டரம்மா, கிடங்குத் தூசிதான் காரணம் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். அதையும் நோட்டையும் கடை முதலாளியிடம் காட்டினேன். நான்காம் மாடிக்கு மாற்றினார். இப்போதெல்லாம் காலையில் எழுந்ததும் கிழமை நினைவுக்கு வருவதில்லை, எண்தான் வருகிறது. முந்நூற்று எண்பது என்றால் நல்ல நாள்.

போன வாரம் அண்ணாச்சி படியேறி மேலே வந்தார். கைப்பிடியைப் பிடித்து நின்று, மூச்சு அடங்கியபின், அந்த டாக்டரம்மாவை எந்தக் கிழமை பார்க்கலாம் என்று கேட்டார்.

"சீசன் முடியட்டும் அண்ணாச்சி" என்றேன்.

ஒரு மூச்சை முழுதாக இழுத்து, நிதானமாக, முழுதாக விட்டேன். அதுவரை அவரைக் காக்க வைத்தேன். பிறகுதான் புதன்கிழமை என்று சொன்னேன்.