சாமியும் கக்கூஸும் ஒரே வண்டியில்

என் அத்தான், அக்காவின் கணவர், கனடாவிலிருந்து வந்து செய்த முதல் காரியம் ஒரு கக்கூஸுக்குச் சக்கரம் பூட்டியதுதான். அவர் அப்படிச் சொல்லமாட்டார். 'கரவன்' என்பார். பழைய ஜப்பான் சின்ன பஸ் ஒன்றை வாங்கி, கொலன்னாவையில் ஒரு கராஜில் விட்டு, உள்ளே கட்டில், காஸ் அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் பூட்டுவித்தார். ஆனால் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் அது வந்து நின்ற நாள் முதல், பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவரையும் அவர் கட்டிலைப் பார்க்க விடவில்லை. நேரே பின்பக்கத்துச் சின்னக் கதவுக்குத்தான் கூட்டிப்போவார்.

"இது கொண்டெய்னரிலை வந்தது. காலாலை அந்த மிதியை அமத்துங்கோ. பயப்பிடாதேங்கோ, அமத்துங்கோ!"

அமத்தினால் கிண்ணத்தின் அடியில் ஒரு தட்டு விலகி, தண்ணீர் கீழே இறங்கும். காலை எடுத்தால் தட்டு மூடும். வந்தவர்கள் கோயில் திரை விலகியதுபோல வாயைத் திறந்து பார்ப்பார்கள். பிறகு தேத்தண்ணி குடிக்க என் வீட்டுக்கு வருவார்கள். போவதற்கு முன் என் வீட்டுக் கக்கூஸைத்தான் பாவிப்பார்கள்.

"பிள்ளை, இதை உனக்காகத்தான் பூட்டினது" என்று எல்லோர் முன்னிலையிலும் அத்தான் சொன்னார். நானும் நம்பினேன்.

நம்பியதற்குக் காரணம் இருந்தது. என் மகள் யாழ்ப்பாணத்தில் இருக்கிறாள். அவளுக்குப் பிள்ளை பிறந்து, அது குப்புறப் பிரண்டு, எழும்பி இருக்கவும் பழகிவிட்டது. நான் அதைப் போனில் மட்டும்தான் பார்த்திருந்தேன். எனக்குச் சீனி வருத்தம். இருந்திருந்து எழும்பிப் போக வேண்டும். காலி வீதி பஸ்ஸில், இறங்க வேண்டும் என்பதைச் சிங்களத்தில் 'பஹினவா' என்று சத்தமாகச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஹோல்ட்டில் யாராவது இறங்கும்போது சேர்ந்து இறங்கித் திரும்பி நடந்து வருகிற ஆள் நான். யாழ்ப்பாண பஸ்ஸை எப்படி நிற்பாட்டச் சொல்வேன்? ரயிலில் கக்கூஸ் இருக்கிறது. அதன் வாசலில் சனமும் இருக்கிறது. அத்தனை பேரைத் தாண்டிப் போய்க் கதவைச் சாத்துவதைவிட வீட்டிலே இருந்து அழுவது எனக்குச் சுலபமாக இருந்தது. கணவருக்குக் கொட்டாஞ்சேனையில் கடை வேலை, லீவு கிடைக்காது. அத்தானின் வண்டியை விட்டால் எனக்கு வேறு வழி இல்லை.

அந்தக் கக்கூஸைப் பராமரிக்கிற வேலையும் எனக்கே வந்தது. அத்தான் அதைப் 'பொறுப்பு' என்றார். வேறு யாரும் தொடமாட்டோம் என்று சொன்ன வேலைக்கு எங்கள் குடும்பத்தில் அதுதான் பெயர்.

விஷயம் பெரிதில்லை. கிண்ணத்தின் அடித்தட்டைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். அது சரியாக இருந்தால் தட்டின் மேல் கொஞ்சத் தண்ணீர் தேங்கி நிற்கும், கீழே தொட்டியில் இருக்கும் மணம் மேலே வராது. தொட்டியின் வாயில் இழுத்துத் திறக்கிற ஒரு வால்வு. அதைப் பூட்டியே வைத்திருந்து, தொட்டி நிறைய வந்த பிறகு, தடித்த குழாயை வீட்டுக் கக்கூஸ் குழிக்குள் விட்டு ஒரே இழுவையாக இழுக்க வேண்டும். எல்லாம் வேகத்தோடு போய்விடும். எப்போதும் திறந்து வைத்தால் தண்ணீர் மட்டும் ஓடிவிடும். மற்றது உள்ளேயே குடியிருக்கும். அத்தானுக்கு இது பிடிக்கவில்லை. "காத்து வரட்டும், திறந்து விடு" என்பார். அவர் உள்ளே போனதும் நான் பூட்டிவிடுவேன்.

அக்காவைத்தான் என்னால் சமாளிக்க முடியவில்லை. வண்டியின் முன்னால் பிள்ளையார் படம் வைத்தாயிற்று. முதல் பயணம் யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயிலுக்கு என்று அத்தான் நேர்ந்தும் விட்டார். சாமி இருக்கிற வண்டியிலேயே கக்கூஸும் என்பது அக்காவுக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது. அதனால் யாராவது வந்து பார்த்துவிட்டுப் போனால் தீட்டுக் கழிய உடனே ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரைக் கிண்ணத்துக்குள் ஊற்றுவாள். பாவித்தவர் எவருமில்லை. பார்வைக்கே மஞ்சள்.

"அக்கா, அந்த மஞ்சள் போய்த் தட்டுக்குள்ளை இறுகும்."

"எடி, துடக்கெல்லோ? நீ சும்மா இரு."

நான் சும்மா இருந்தேன். அதில் எனக்கு நல்ல பழக்கம்.

தட்டு கிறீச்சிடத் தொடங்கியதும் அத்தான் தன் பங்கைச் செய்தார். சாமி விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயை எடுத்து ரப்பரைச் சுற்றித் தாராளமாகப் பூசினார். எண்ணெயும் மஞ்சளும் சேர்ந்தால் என்ன வரும் என்று எந்தச் சமையல்காரியும் சொல்லுவாள். ரப்பர் ஊதிப் பருத்தது. இடுக்கில் குழம்பு கட்டியது. தட்டு முழுதாக மூடவில்லை. தேங்கி நிற்க வேண்டிய தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கி, மணம் மெல்ல மெல்ல ஏறியது.

"இலங்கை வெய்யிலுக்கு உது சரிவராது" என்றார் அத்தான். "கனடாவிலை இப்பிடி நடக்காது." அங்கே யாரும் அதற்குள் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவதில்லை என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. பிறகு தீர்ப்பையும் சொன்னார்: "மூடி மேலை ஒரு பலகையை அடிப்பம். செருப்பு வைக்க இடமாச்சு."

என் பேரப்பிள்ளைக்கும் எனக்கும் நடுவில் ஒரு செருப்பு அலுமாரி வரப்போகிறது என்று விளங்கியது.

கக்கூஸ் வந்த பெட்டியைத்தான் அத்தான் வண்டியில் ஏறப் படியாக வைத்திருந்தார். அதைத் திறந்து பார்த்தேன். மேலதிக வளையம் ஒன்று உள்ளேயே கிடந்தது. பெட்டியில் இருந்த படத்தில் எண்ணெய்ப் போத்தலுக்கு மேல் சிவப்புக் கோடு போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு கிரீஸ் டியூப். அந்தப் படத்தைப் போனில் எடுத்துக்கொண்டு புறக்கோட்டைக்குப் போனேன்.

"சிலிக்கன் கிரீஸ்தானே? எதுக்கு தங்கச்சி, பைப்புக்கா?" என்றார் கடைக்கார முஸ்லிம் நானா.

"இல்லை... ஒரு ரப்பருக்கு."

"எந்த ரப்பருக்கு? சொன்னாத்தானே சரியானதைத் தரலாம்."

"கக்கூஸ் ரப்பருக்கு" என்றேன், எனக்கே கேட்காமல்.

அவர் உள்ளே திரும்பி, தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்: "கக்கூஸ் ரப்பருக்குப் பூசுற கிரீஸ் ஒண்டு எடு!" மூட்டை தூக்குகிற நாட்டாமைமாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் மிச்சக் காசை வாங்காமலே வந்துவிட்டேன்.

அன்று பின்னேரம் அக்காவும் அத்தானும் பம்பலப்பிட்டிக்குப் போன நேரம், பழைய பல் பிரஷ்ஷால் அந்த இடுக்கைத் தேய்த்து மஞ்சளை எடுத்து, புது வளையம் போட்டு, கிரீஸ் பூசினேன். தண்ணீர் விட்டுப் பார்த்தேன். இரவுச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தபோதும் அப்படியே நின்றது. மணமும் போய்விட்டது. பலகைக் கதையும் நின்றது. "ஓம், நல்லெண்ணெய் மெல்லத்தான் வேலை செய்யும்" என்றார் அத்தான்.

புறப்படும் நாள் காலை தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, நான்கு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தோம். ஏறி இருந்த பிறகு அத்தான் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி சொன்னார்:

"ஒரு விஷயம். நல்லூருக்குப் போற வாகனம். பிள்ளையார் இருக்கிறார். அதாலை பின்னுக்கு ஒருத்தரும்... விளங்கும்தானே?"

"அப்ப அவள் எங்கை போறது?" என்று அக்கா கேட்டாள்.

"வழியிலை பெற்றோல் ஷெட் எத்தினை இருக்கு!"

கோயிலுக்குப் போவதற்காகக் கட்டிய வண்டி. அதில் போகிறவர்களுக்காகப் பூட்டிய கக்கூஸ். கோயிலுக்குப் போகிறபோது மட்டும் பாவிக்கக் கூடாது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அடக்க முடியாது என்பதால் சிரிக்கவில்லை.

நீர்கொழும்பு தாண்டி ஒரு ஷெட்டில் கக்கூஸ் கதவு பூட்டியிருந்தது. திறப்பு வைத்திருப்பவர் வெளியில் போய்விட்டார். சிலாபத்தில் ஒன்று கிடைத்தது. புத்தளத்தில் கேட்டபோது, "இப்பத்தானே போனனீ?" என்றார் அத்தான். புத்தளம் கழிய ஷெட்டும் இல்லை, கடையும் இல்லை, இரண்டு பக்கமும் பத்தையும் காடும். கடைசியில் அக்கா கத்தியதால் வண்டியை ஓரம் கட்டினார்.

"அந்தப் பத்தைக்குப் பின்னாலை போயிட்டு வா பிள்ளை."

இறங்கினேன். பத்தைக்கு முன்னால் யானைக்கு அடித்த கரண்ட் வேலி ஓடியது. ஒரு லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அதில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குள் இத்தனை வருஷமாக இருந்த கூச்சம் அங்கேயே முடிந்தது. திரும்பி வண்டிக்குள் ஏறி, பின்கதவைத் திறந்து, உள்ளே போய்க் கொண்டியைப் போட்டேன்.

"எடி, என்ன செய்யிறாய்?"

"ஒண்டுக்குப் போறன் அக்கா."

"பிள்ளை, பிள்ளையார் இருக்கிறாரெல்லோ!" என்று அத்தான் முன்னாலிருந்து கத்தினார்.

"அவர் ரோட்டைப் பாத்துக்கொண்டு இருக்கிறார், அத்தான். பின்னுக்குத் திரும்பிப் பாக்கிறது நீங்கள் மட்டும்தான்."

என் வாயிலிருந்து அப்படி ஒரு வசனம் வந்ததை நானே நம்பவில்லை. மிதியை அமத்தினேன், எல்லாம் இறங்கியது. தட்டு மூடியது, தண்ணீர் நின்றது. வெளியே வந்து என் இடத்தில் இருந்தேன். வண்டி ஓடியது. அநுராதபுரம் வர முன்னம் அக்கா எழும்பி, என்னைப் பார்க்காமல், பின்னால் போனாள். செம்பைக் கொண்டுபோகவில்லை. திரும்பி வந்து, "பரவாயில்லை, நல்ல வசதிதான்" என்றாள். அத்தான் ஏசியை நிற்பாட்டி, ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்து, இல்லாத மணத்துக்கு மூக்கைச் சுளித்தபடி வவுனியா வரைக்கும் ஓட்டினார். பிறகு வேர்வை தாங்காமல் தானே மூடினார்.

நான் அதன்பின் கேட்கவில்லை. தேவைப்பட்டபோதெல்லாம் எழும்பிப் போனேன். தண்ணீரும் வேண்டிய அளவு குடித்தேன்.

யாழ்ப்பாணத்தில் மகள் படலையடியில் பிள்ளையோடு நின்றாள். என் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள்.

"அம்மா, வழியிலை கஷ்டப்பட்டுப் போனீங்களோ?"

"இல்லையடி. ஒண்டுக்குப் போய்ப் போய், சுகமா வந்தனான்" என்றேன், அத்தானுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படியாக. மகள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். பிள்ளையைத் தூக்கி என் கையில் தந்தாள். அது என்னை உற்றுப் பார்த்துவிட்டு, யோசிக்காமல், என் சேலையை நனைத்தது.