தங்கதுரை உயர்த்திய ஜீப்

ஓசூர் சிப்காட்டில் தங்கதுரையைப் போல 'இல்லை' என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. டிராக்டருக்கு ஸ்டீயரிங் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் இரண்டாம் ஷிஃப்டின் தரக்கட்டுப்பாடு அவர் கையில். தலைமுடிப் பருமன் கூட இல்லாத ஆட்டத்துக்காக ஒரு பெட்டிச் சரக்கையே திருப்பி அனுப்பியிருக்கிறார். அப்படிப்பட்டவர் 2005-இல் வாங்கிய பழைய ஜீப்பில், ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் சக்கரத்துக்குத் தகவலே போகாது. "பழகிரும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டார். கம்பெனியில் யாராவது அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் மெமோ கொடுத்திருப்பார்.

ஜீப் வாங்கியதற்குக் காரணம் நியாயமானதுதான். மனைவி பொற்கொடிக்கு ஜவளகிரிப் பள்ளியில் ஆசிரியை வேலை. காலையில் இருப்பது ஒரே பஸ். அதிலும் நின்றுகொண்டே போக வேண்டும். யானை ரோட்டுக்கு வந்தால் பஸ் நின்றுவிடும். ஜீப்பும் நிற்கத்தான் வேண்டும் என்பது வாங்கும்வரை தங்கதுரைக்குத் தோன்றவில்லை.

அதை உயர்த்தியதற்கான காரணத்தில்தான் நியாயம் கொஞ்சம் குறைவு. தங்கதுரை ஐந்தடி மூன்று அங்குலம். சாத்தூர்ச் சொந்தக்காரர்கள் கல்யாண போட்டோவில் அவரை முன்வரிசைக்குத் தள்ளுவது மரியாதையால் அல்ல என்பது அவருக்கும் தெரியும். ஜீப் வந்த ஒரு மாதத்தில் மத்திகிரி மெக்கானிக் முனிவேலிடம் போய் நின்றார்.

"ஸ்பிரிங்கைச் சேஸிஸோட சேத்துப் புடிக்குற சாக்கிள் இருக்குல்லா, அதை நீளமாப் போட்டு வண்டியத் தூக்கிருங்க."

"எதுக்குங் சார்?"

"யானை வந்தா தூரத்துலயே தெரியணும்லா."

முனிவேல் ஜீப்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நமக்கு யானை தெரியணுமா, யானைக்கு நாம தெரியணுமாங் சார்?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் ஸ்பானரை எடுத்தார். கேள்வி கேட்பதில் அவருக்கு ஆர்வம் உண்டு, பதிலில் இல்லை.

உயர்த்திய ஜீப்பில் பொற்கொடி ஏறுவதற்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்க வேண்டியிருந்தது. அவள் ஏறி உட்கார்ந்ததும், வேறு யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, தங்கதுரையும் அதன் மேல் கால் வைத்துத்தான் ஏறினார்.

முதல் திங்கட்கிழமை, தளி தாண்டி வேகம் நாற்பத்தைந்தைத் தொட்டது. ஒரு சின்னப் பள்ளம். அவ்வளவுதான். முன்சக்கரங்கள் இடமும் வலமுமாக உதறத் தொடங்கின; ஸ்டீயரிங் அவர் கையைப் பிடித்துக் குலுக்கியது. பொற்கொடி அப்போதுதான் பிளாஸ்க்கைத் திறந்து காப்பி ஊற்றியிருந்தாள். அன்று முழுக்க, கஞ்சி போட்ட வெள்ளைக் காட்டன் புடவையில் காப்பிக் கறையோடு அவள் பாடம் நடத்தினாள்.

"ஏங்க, இது ஒசரம் ஏத்துனதுக்கு அப்புறந்தானே ஆடுது? முன்ன ஸ்டீரிங் லூசா இருந்துச்சு, ஆனா இப்படி ஆடலையே?" என்று ராத்திரி அவர் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கேட்டாள்.

வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தால் கம்பெனியில் முதலில் என்ன பதில் எழுதுவார்களோ, அதையே தங்கதுரையும் சொன்னார். "வண்டியில குறை ஒண்ணுமில்ல. நீ பயந்து முன்கம்பியப் புடிச்சு இழுக்க, அதான்."

மறுநாளிலிருந்து பொற்கொடி பஸ்ஸில் போனாள். "வண்டி நேராப் போற அன்னிக்கு சொல்லுங்க, வரேன்" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு தங்கதுரை மாற்றாத பாகம் இல்லை. டை ராட் எண்டு, கிங் பின் பேரிங், ஷாக் அப்சார்பர், டயர் என்று வரிசையாக மாற்றினார். ஸ்டீயரிங்கின் லூசு போயிற்று, ஆட்டம் போகவில்லை. கம்பெனியில் ஒவ்வொரு புதுப் பையனுக்கும் அவர் சொல்லிக் கொடுக்கும் முதல் கேள்வி, "புகார் வர்றதுக்கு முன்னால கடைசியா என்ன மாத்தினே?" என்பது. அந்தக் கேள்வியைத் தன்னிடம் மட்டும் அவர் கேட்டுக்கொள்ளவில்லை. பதில் தெரிந்திருந்ததுதான் காரணம்.

ஒவ்வொரு பாகம் மாற்றியதும் சோதனை ஓட்டம். பொற்கொடி போகும் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போவார். பஸ் கண்டக்டர் கரியப்பன் பின்படியில் தொங்கிக்கொண்டு, "ஏன் சார், ஜீப்பு டான்ஸ் மாட்தா இதே!" என்று கன்னடத்தில் கத்துவார். ஜீப் ஆடும் டான்ஸைப் பார்த்துப் பஸ்ஸுக்குள் ஜன்னல் ஓரத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். டீச்சர் மட்டும் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

கடைசிச் சோதனையில், பார்த்தது போதும் என்று ஜீப்பே முடிவு செய்துவிட்டது. ஜவளகிரிக்கு முன்னால் வளைவில் ஒரு பள்ளம், சக்கரம் உதறியது, ஜீப் ரோட்டை விட்டு இறங்கி ஓடையோரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அடி ஒன்றுமில்லை. பின்னால் இருந்த ஸ்டூல் மட்டும் உருண்டு ரோட்டின் நடுவில் போய் நின்றது.

பஸ் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். பொற்கொடி ஸ்டூலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து ஜீப்பையும் அவரையும் பார்த்தாள்.

"அடி பட்டுச்சா?"

"இல்ல."

"சரி. கடைசியா எதை மாத்துனீங்க?"

"ஷாக் அப்சார்பர்."

"நான் அதைக் கேக்கல. ஆட ஆரம்பிக்கறதுக்கு முன்னால."

அது வகுப்பறைக் குரல். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வர் பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாக்கிளு," என்றார் தங்கதுரை. "ஒசரமா இருக்கணும்னு மாத்துனேன்."

"யானைக்காகவா?"

"எனக்காக."

சொன்ன பிறகு, சாய்ந்து கிடந்த ஜீப்பின் அடிப்பக்கத்தை முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தார். சைக்கிளின் முன்கவை சாய்ந்திருப்பதால்தான் கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போகிறது. ஜீப்பின் முன் ஆக்சிலுக்கும் அந்தச் சாய்வு வேண்டும். இவர் போட்ட நீளச் சாக்கிள் முன்பக்கத்தைத் தூக்கி, அந்தச் சாய்வைத் தின்றுவிட்டிருந்தது. இதைப் பாலிடெக்னிக்கில் படித்திருக்கிறார். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறார்.

பஸ்ஸில் வந்தவர்கள் கயிறு கட்டி இழுத்து ரோட்டில் ஏற்றினார்கள். "டான்ஸ் முகீத்து", ஆட்டம் முடிந்தது என்று கரியப்பன் விசில் ஊதினார்.

பழைய சாக்கிள்களை முனிவேல் தன் பட்டறையில் தார்ப்பாய் பறக்காமல் இருக்க அதன் மேல் பாரமாக வைத்திருந்தார். துடைத்து, கிரீஸ் வைத்து மாட்டினார். "யானை தெரியாதே சார், பரவால்லியா?" என்றார். தங்கதுரை, "வந்தா ஹாரன் அடிக்கும்" என்றார்.

அடுத்த திங்கள் காலை பஸ் ஸ்டாப்பில் ஜீப் நின்றது. பொற்கொடி பஸ் வரும் திசையைப் பார்த்தாள், ஜீப்பைப் பார்த்தாள், கால் எட்டும் உயரத்தில் படி இருந்ததால் ஸ்டூல் இல்லாமலே ஏறினாள். ஆனால் தளி வரை முன் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டே வந்தாள். இறக்கிய ஜீப்பில் பானெட்டுக்கு மேல் ரோடு தெரிவதற்காக அவர் ஒரு தலையணை மேல் உட்கார்ந்திருந்தார்.

தளி தாண்டியது. நாற்பத்தைந்து. அந்தப் பழைய பள்ளம் வந்து, ஒரு குதிப்போடு போய்விட்டது. சக்கரம் உதறவில்லை.

பொற்கொடி கம்பியை விட்டாள். பையைத் திறந்து பிளாஸ்க்கை எடுத்தாள். மூடியில் நிதானமாகக் காப்பி ஊற்றி ஒரு வாய் குடித்தாள். புடவையைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

"எனக்கு?" என்றார் தங்கதுரை.

"நீங்க ரெண்டு கையாலயும் ஓட்டுங்க."