ரெண்டு கோடு, ஒரு புள்ளி

கிட்ட வந்து உட்காருங்க. மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகினவன் நான், தள்ளி உட்கார்ந்தால் கத்தித்தான் சொல்லுவேன். டைப் அடிக்கிற தொழில் என்பது, நமக்குத் தெரியாத சங்கதியை நமக்குத் தெரியாத பாஷையில் தப்பில்லாமல் சொல்லுவது. நான் படித்தது அஞ்சாம் கிளாஸ். இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறும் எனக்குப் பழக்கம்தான். அதுகள் கூடி உட்கார்ந்து என்ன பேசிக்கொள்கின்றன என்பது மட்டும் தெரியாது.

சங்கரன்கோவில் தேரடிப் பக்கம் ஒரு சைக்கிள் கடை வாசலில் மெஷினைப் போட்டிருந்தேன். கடைக்காரர் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர். சண்டை முடிந்தும் காக்கிச் சட்டையைக் கழற்றாதவர். எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்ததும், காலேஜில் இண்டர்மீடியட் சேரப்போகிற பிள்ளைகளும் தகப்பன்மாரும் அப்ளிகேஷன் பாரத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். நீங்களும் ஏதாவது ஒரு பாரத்தில், ஏதாவது ஒரு கட்டத்தில் முழித்த ஆள்தானே? அப்போ நாமெல்லாம் ஒரே சாதி.

நல்ல நகல்

திருவேங்கடத்தில் இருந்து ஒரு பெரியவர், மகனுடைய மார்க்குப் புத்தகத்தோடு வந்தார். காலேஜுக்கு அசலை அனுப்பக் கூடாது, நகல்தான் அனுப்பணும். உள்ளது உள்ளபடி அடித்து, ஒரு ஆபீசரிடம் கையெழுத்து வாங்கணும். அதற்குப் பேர் ட்ரூ காப்பி. அடித்து நீட்டினேன். பெரியவருக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். விரலை வைத்துக்கொண்டே வந்தவர் கணக்குக்கு நேரே நின்றுவிட்டார்.

“இதென்ன வே, முப்பத்தெட்டு?”

“அசல்ல அப்படித்தானே இருக்கு, அண்ணாச்சி.”

“அசல்ல இருக்கதைத்தான் நானே பார்த்துட்டேனே!”

முடியாது, தப்பு என்று நான் தலையாட்டினேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். “பயதான் நல்லாப் படிக்கல, நீராவது நல்லா அடிக்கக் கூடாதா வே?”

நாலு மூலை மஞ்சள்

சிவகிரிக்காரர் ஒருவர் மகனுக்குப் பாரம் அடித்து வாங்கிப்போனார். நல்ல காரியம் ஆயிற்றே என்று வீட்டில் வைத்து நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமமும் வைத்துத் தபாலில் சேர்த்துவிட்டார். பதில் இல்லை. பத்து நாள் பார்த்துவிட்டு நேரில் போய் நின்றிருக்கிறார். ‘அப்படி ஒரு பாரம் வரவே இல்லை’ என்றாராம் அங்கே இருந்த கிளார்க்கு. இவர் விடவில்லை. தேடு தேடு என்று தேடினால், பிரின்சிபால் மேஜையில் கல்யாணப் பத்திரிகைக் கட்டுக்குள் இருந்திருக்கிறது. மஞ்சளைப் பார்த்ததும் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்?

நல்லவேளை, கடைசி நாள் தாண்டவில்லை. சீட்டு கிடைத்துவிட்டது. திரும்பி வந்து என்னிடம் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம். “சிரிக்காதீரும். மஞ்சள் இல்லாமப் போயிருந்தா, கருமாதிக் கடுதாசின்னு வாசல்லயே கிழிச்சுப் போட்டிருப்பான் வே!”

கோமதி

இனி சொல்லப்போவதுதான் என் மனசில் நிற்கிறது. மேலநீலிதநல்லூரில் இருந்து சுப்பையா என்ற சம்சாரியும் அவர் மகளும் வந்தார்கள். பேர் கோமதி, எங்க கோயில் அம்மன் பேர். நம்ம ஊர்ப் பக்கம் கூட்டத்தில் நின்று ‘ஏட்டி கோமதி’ என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். இந்தக் கோமதி திரும்பிப் பார்க்கவில்லை. மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாரம் இரண்டு நாளில் காலேஜில் இருக்கவேண்டும். அன்று சாயங்காலத் தபாலை விட்டால் அந்த வருசம் போச்சு.

பேர், ஊர், பிறந்த தேதி எல்லாம் ஓடியது. ‘என்ன குரூப்பு?’ என்ற இடத்தில் நிறுத்தினேன். இண்டர்மீடியட்டில் மூன்று குரூப்பு உண்டு. ஒன்னாவது கணக்குக்காரர்களுக்கு. டாக்டருக்குப் போகணும் என்றால் இரண்டாவதுதான். மூன்றாவது சரித்திரம் படிக்கிறவர்களுக்கு. இந்த மட்டும் அடித்து அடித்தே தெரிந்துகொண்டேன்.

“ரெண்டாவது, அண்ணாச்சி. டாக்டருக்குப் படிக்கப்போறேன்” என்றாள்.

பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கும்மா அவ்வளவு தூரம் என்று, அந்தக் காலத்துப் புத்தியில் நானும் கேட்டுவைத்தேன். அவள் கோபப்படவில்லை. நேற்று நடந்ததைச் சொல்வது மாதிரிச் சொன்னாள். “எங்கம்மை பிள்ளைப்பேத்துல கிடந்தா. கோயில் புத்துமண்ணு கொண்டாந்து பூசுனோம். வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறதுக்குள்ள போயிட்டா. புத்துமண்ணு எங்க ஊருக்கு வந்துருது, அண்ணாச்சி, டாக்டர்தான் வரமாட்டேங்காரு.”

பந்தயக் காளை

சரி என்று அடிக்கக் கையை வைத்தேன். சுப்பையா என் கையைப் பிடித்துவிட்டார்.

“எதுக்கு வே ரெண்டாவது? ஒன்னாவது போடும்.”

“யப்பா, டாக்டருக்கு ரெண்டாவதுதான்.”

“ஒன்னாவது படிச்சவன் ஆவமாட்டானா? அவன் பெரிய டாக்டரா ஆவான். ரெண்டாவது படிச்சவன் அவனுக்குப் பெட்டி தூக்குவான்.”

நானும் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. மகள் படிக்கக் கூடாது என்கிற ஆள் இல்லை அவர். சொந்தக்காரர்கள் தடுத்தும் கூட்டிக்கொண்டு வந்தவர்தான். ஊரில் போய் ‘ரெண்டாவது’ என்று சொல்ல நாக்கு வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் தகப்பன் கையெழுத்துக்கு உள்ள இடத்தில் அவர் பெருவிரல் உருட்டினால்தானே பாரம் போகும்? தபால் கட்டுகிற நேரம் நெருங்குகிறது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முடிவாகச் சொன்னார்: “எங்க வீட்டுக் காளைகூட இதுவரைக்கும் ரெண்டாவது வந்ததில்ல வே!”

காக்கிச் சட்டை

நான் மெஷினை மூடப்போனேன். கோமதி அழவில்லை. அதுவரை நான் அடித்துவைத்த மற்றப் பாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள், சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்த கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

“அண்ணாச்சி, உங்க சட்டைக் கையில என்ன ரெண்டு கோடு?”

அவரிடம் அதை யாரும் கேட்டு வருசமாகியிருந்தது. பம்பைக் கீழே போட்டுவிட்டு வந்தார். “ரெண்டு கோடுன்னா நாயக்கு, பாப்பா. ஒத்தைக் கோட்டுக்காரன் நம்மளக் கண்டா பீடியை அணைச்சிட்டு எந்திரிச்சு நிக்கணும்!”

“அப்போ ஒண்ணை விட ரெண்டு பெருசா?”

“பின்ன?”

அவள் என்னிடம் கேட்டாள். “ஒன்னாம் குரூப்புக்கு எத்தனை கோடு அடிப்பீங்க?” ஒன்று என்றேன். ரோமன் எண்தானே. “ரெண்டாம் குரூப்புக்கு?” ரெண்டு என்றேன். நான் அடித்துவைத்த மற்றப் பாரங்களைச் சுப்பையா வாங்கிப் பார்த்தார். ஒத்தைக் கோட்டை விரலால் தடவினார். சட்டைக் கையைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

“இதை முன்னாலயே சொல்லப்படாதா வே? ரெண்டு கோடே போடும்!”

டக், டக் என்று ரெண்டு கோடு அடித்தேன். அங்கேதான் கடைக்காரருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “எனக்கு மேல மூணு கோடு உண்டு, ஹவில்தாரு! அவனைக் கண்டா நாங்களே எந்திரிக்கணும்.”

சுப்பையா முகம் மலர்ந்துவிட்டது. “அப்போ இன்னொண்ணு போடும் வே!”

என் கை மெஷின் மேலேயே நிற்கிறது. மூன்றாவது கோடு விழுந்தால் அந்தப் பிள்ளை சரித்திரம்தான் படிக்கணும். அடிக்காவிட்டால் பெருவிரல் விழாது. என்ன சொல்ல என்று நான் முழிக்கிறதுக்குள், ஒரு விரல் என் கையைத் தாண்டி வந்து, கீழ் வரிசையில் ஒரு கட்டையைத் தட்டியது. டக்.

“முற்றுப்புள்ளி விழுந்துட்டேப்பா” என்றாள் கோமதி.

சுப்பையா நிலம் வாங்கிய மனுசன், பத்திரம் பார்த்தவர். முடித்துப் புள்ளி வைத்த பிறகு ஒரு எழுத்துச் சேர்த்தாலும் பத்திரம் செல்லாது என்பது அவருக்கு வேதவாக்கு. மூன்றாவது கோடு போச்சே என்று ஒரு பெருமூச்சு விட்டார். மை டப்பியைத் தன் பக்கம் இழுத்துப் பெருவிரலை அழுத்தினார். “புள்ளி வச்சா வச்சதுதான். தாளை உருவும் வே, தபாலுக்கு நேரமாச்சு!”

இன்றைக்கு என் ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை எழுதித் தருகிற டாக்டரம்மா, சீட்டின் கடைசியில் பேனாவை அழுத்தி ஒரு புள்ளி வைக்கிறபோதெல்லாம் நினைத்துக்கொள்வேன்: அத்தனை வருசம் அந்த மெஷினில் விழுந்த எழுத்திலெல்லாம், அடிக்கிறவருக்கு என்ன அடிக்கிறோம் என்று தெரிந்து விழுந்தது அந்த ஒரு புள்ளிதான்.