கம்பெனி வரியும் தனத்தின் முந்தானையும்

சித்திரைக் கடைசியில் ஒரு காலை. பேப்பரைப் பிரித்து ஒரு வரி படித்திருக்க மாட்டேன்... வாசலில் தணிகாசலம்.

பக்கத்துத் தெருக்காரர். பட்டு நெய்கிறவர். காஞ்சிபுரத்தில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன? எப்போதும் சிரித்துக்கொண்டே வருகிற மனிதர், அன்றைக்குப் பேயறைந்த மாதிரி நின்றார்.

“சார், ஒரு தப்பு நடந்து போச்சு. என்கூட கொஞ்சம் கம்பெனி வரைக்கும் வரணும்.”

“என்ன தப்பு?”

“ரேடியோவ நம்பிட்டேன் சார்.”

ரேடியோவை நம்பியதற்குக் கம்பெனியில் என்ன வேலை? உட்கார வைத்து, காப்பி கொடுத்து, மெதுவாக விசாரித்தேன்.

அவர் நெய்து கொடுக்கிற இடம் ஒரு காலத்தில் குடும்பக் கடை. இப்போது லிமிடெட் கம்பெனி. முதலாளி போய் டைரக்டர்கள் வந்துவிட்டார்கள். ஆனாலும் ஒரு பழைய வழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கே நெய்கிறவர் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால், கூறைப் புடவையின் முந்தானைக்கு வேண்டிய ஜரிகையைக் கடையே தந்துவிடும். பட்டு நம்முடையது, ஜரிகை கடையின் சீர்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதுவும் நின்றது. “கம்பெனிக்கு வரி ஏறிப்போச்சுப்பா, கட்டுப்படியாகாது” என்றார் மேனேஜர். யாரும் சண்டை போடவில்லை. வரி ஏறினால் என்ன செய்ய முடியும்? புடவை விலையும்தான் ஏறியது. என் மனைவி பட்டுப்புடவை வாங்கப் போய், விலையைக் கேட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் கூடையோடு திரும்பி வந்தது தனிக் கதை!

இந்த வருஷம் மாசியில், டீக்கடை ரேடியோவில் பட்ஜெட் செய்தி. கம்பெனிகளுக்கு வரிச் சலுகை! தணிகாசலம் டீயைக்கூட முழுசாகக் குடிக்கவில்லையாம். வீட்டுக்கு ஓடினார். ஏனென்றால் வைகாசியில் அவர் மகள் தனத்துக்குக் கல்யாணம்.

தனம் வெறும் மகள் இல்லை, அவருடைய தறியில் இன்னொரு கை. காஞ்சிபுரம் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். கரைக்கென்று குறுக்கு நூலோடு தனியாக ஒரு நாடா ஓட வேண்டும். அதை வீசப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும். அந்த ஆள் தனம். தன் கல்யாணப் புடவையையும் அப்பாவோடு உட்கார்ந்து அவளேதான் நெய்தாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. கடைச் சரக்காக இரண்டு புடவை நெய்யச் சொல்லிக் கம்பெனி கொடுத்திருந்த ஜரிகை முழுவதையும், தணிகாசலம் மகளுடைய முந்தானையிலேயே போட்டு நெய்துவிட்டார்.

“வரி ஏறுச்சுன்னுதானே சார் ஜரிகைய நிறுத்துனாங்க? இப்ப எறங்கிடுச்சு. அப்ப ஜரிகை தானா வந்துரும்னு நெனச்சிக்கினேன்...”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே போய்விட்டது. நீங்களே சொல்லுங்கள், இந்தக் கணக்கில் எங்கே தப்பு?

ஆனால் விஷயம் சின்னதில்லை. ஜரிகையில் கை வைத்தவர் என்று பேர் வந்துவிட்டால், அப்புறம் இந்த ஊரில் எந்தக் கடையும் அவரை நம்பித் தறியில் ஏற்றப் பாவு நூல் கொடுக்காது. பாவு இல்லையென்றால் தறி இல்லை. தறி இல்லையென்றால் கல்யாணமும் சந்தேகம்தான்.

போனோம். மேனேஜர் கெட்டவர் இல்லை. முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

“வரி குறைஞ்சது வாஸ்தவம்தான் சார். ஆனா கடையப் பெருசாக்குனா, புதுசா மிஷின் போட்டா கிடைக்கற சலுகை அது. மெட்ராஸ்ல ஷோரூம் தெறக்கறாங்க. அது போக இருக்கறது ஷேர் வச்சிருக்கறவங்களுக்கு.”

“சரி... ஏறினப்போ அந்த வரிய யார் கட்டினாங்க?”

“கம்பெனிதான்.”

“அந்தக் கம்பெனிய நான் ஒரு தடவ பார்க்கணுமே!”

மேனேஜர் சிரித்துவிட்டார். “இத்தன வருஷமா நானே பார்த்ததில்ல சார்.”

வரியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வானத்திலிருந்தா குதிக்கும்? ஆனால் கம்பெனி என்பது போர்டில் எழுதியிருக்கிற ஒரு பேர். அதற்கு வயிறு கிடையாது, கல்யாணத்துக்கு நிற்கிற பெண் கிடையாது. அந்தப் பேருக்குப் போடுகிற வரியை வயிறு இருக்கிற யாரோதான் கட்டியாக வேண்டும். ஷேர்காரரும் கொஞ்சம் கட்டியிருப்பார், இல்லையென்று சொல்ல மாட்டேன். என் மனைவி கொஞ்சம், தணிகாசலம் கொஞ்சம். சரி, சலுகை வந்தபோது மட்டும் எங்கள் தெருவுக்கு வழி மறந்துபோவானேன்?

கடைசியில் மேனேஜர் ஒரு வழி சொன்னார். புடவை தனத்துக்கே. ஜரிகையின் விலையைக் கூலியில் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். திருட்டுப் பேர் கிடையாது. அந்தக் கடைசி வார்த்தைக்கே தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

அவர் வீட்டுக்கு வந்தால் தனம் வேறு குண்டு போட்டாள்.

“நான் போயிட்டா உன் பக்கத்துல யாருப்பா உட்காருவாங்க? ஆள் வச்சா பாதிக் கூலி அதுக்கே போயிடும். கடன் தீரட்டும். கல்யாணத்த தை மாசம் வச்சிக்கலாம்.”

சொன்னவள் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். அவள் அம்மா ராஜம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

விஷயம் பிள்ளையார்பாளையத்துக்குப் போயிற்று. மாப்பிள்ளை முருகேசன் அங்கேதான் இருக்கிறார். அவரும் தறிக்காரர். சைக்கிளில் வந்து இறங்கி, மாமனாரிடம் சொன்னது மூன்றே வார்த்தை: “தள்ள வேணாம். பார்த்துக்கலாம்.”

வைகாசியில் கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. தனத்தின் தோளில் அந்த முந்தானை. என்ன அழகாக இருந்தாள் அந்தப் பெண்!

இப்போது ஆடி. தெரியுமே... புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவார்கள். மாப்பிள்ளை அந்த மாதம் பூராவும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. எங்கள் ஊரில் இதில் ரொம்பக் கண்டிப்பு.

போன வாரம் அவர்கள் வீட்டுப் பக்கம் போனேன். தணிகாசலம் டீக்கடையில் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார். ஆனால் வீட்டுக்குள் தறிச் சத்தம்! எட்டிப் பார்த்தேன். தறியில் முருகேசன். அவரை ஒட்டினாற்போலத் தனம். கரை நாடாவை அவள் வீச, உடல் நாடாவை அவர் வீச... நடுநடுவே ஏதோ குசுகுசு, சிரிப்பு. கடன் கழிந்துகொண்டிருந்தது.

மோர் கொண்டுவந்த ராஜம்மாவைச் சீண்டிப் பார்த்தேன். “என்னம்மா இது? ஆடி மாசத்துல மாப்பிள்ளை வீட்டுக்குள்ள! ஊரு என்ன பேசும்?”

ராஜம்மா கண்ணைக்கூட இமைக்கவில்லை.

“மாப்பிள்ளையா யாரு சார் வந்தது? அவரு கம்பெனி வரி கட்ட வந்துக்கினு இருக்காரு!”