முகம் பார்க்காத பெரட்டு

“சிலா சுபா லாகி.” மறுபடி முயலச் சொல்லும் அந்த மலாய்க் குரலைத் தேர்ந்தெடுத்தவன் நான். கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலை வாசலில், விரல்ரேகை வைத்து வருகை பதியும் இயந்திரம். அதற்குள் ஓடும் மென்பொருளை ஈப்போவில் உட்கார்ந்து எழுதியதும் நான்தான். குரல் இனிமையாக இருக்க வேண்டும் என்று அரைநாள் மெனக்கெட்டேன். வெட்கக்கேடு.

அங்கே தரை துடைக்கும் அக்கா ஒருவர் இருந்தார். கோலா கங்சார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இருபது வருடம் பால் மரம் வெட்டியவர். பாலை உறைய வைக்கும் ஆசிட்டில் புழங்கிப் புழங்கி அவருடைய ரேகை தேய்ந்திருந்தது. முதல் நாள் எப்படியோ ஏற்றுக்கொண்ட இயந்திரம், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் அவரைத் தெரியாது என்றது. கை அழுக்காக இருக்கிறதாக்கும் என்று நினைத்து, தினமும் சீக்கிரமே வந்து, தரை கழுவும் பிளீச்சிலேயே கட்டைவிரலைத் தேய்த்துக் கழுவியிருக்கிறார். இருந்த கொஞ்சமும் போயிற்று. பழுது பார்க்கப் போன என்னிடம் அந்தச் சிவந்த விரலை நீட்டினார்.

“தம்பி, பெரட்டுல கிராணி வாய்க்கு வந்தபடி ஏசுவாருதான். ஆனா பேரக் கூப்புடுறப்ப தலயத் தூக்கி மூஞ்சியப் பாப்பாருலா. இது பாக்க மாட்டேங்குது.”

விடியலில் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்திக் கிராணி என்கிற கணக்கர் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பால் வெட்டிய என் அப்பாவின் விரலும் அப்படித்தான் வழுவழுவென்று இருந்தது. தெரிந்தே எழுதிய பாவி நான்.

மேற்பார்வையாளர் கையால் வருகை பதிய முதலில் ஒரு பொத்தான் வைத்திருந்தேன். “அத எடுத்துருலா. விட்டா ஏமாத்துவாங்க,” என்றார் எங்கள் முதலாளி. எடுத்தேன். மெஷினுக்கு என்ன தெரியும் என்று இன்றைக்கு யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சந்தேகப்பட அதற்கு யார் கற்றுக்கொடுத்தது? நாங்கள்தானே! அக்காவைப் பார்த்த பிறகு பொத்தானைத் திரும்ப வைக்கலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். “ஒரு ஆளுக்காகவா?” என்று சிரித்தார். அப்படியே விட்டுவிட்டேன்.

தொடர்ந்து மூன்று நாள் பதிவில்லை என்றால் வேலைநீக்கக் கடிதம் தானாகவே வரும். அதையும் எழுதியவன் நான். அடுத்த வாரம் நான் அந்தத் தொழிற்சாலை அலுவலகத்தில் இருந்தபோதே அக்காவுக்குக் கடிதம் வந்தது. வேலைக்கு வரவில்லையாம். அப்போது அவர் அந்த அலுவலகத் தரையைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நான் இங்கதானே நிக்கிறேன், தம்பி?”

நான் தலையைத் தூக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் மறுபடி அந்த வாசலுக்குப் போனேன். இயந்திரம் அதே இடத்தில்தான் இருக்கிறது. சோதிக்க என் விரலை வைத்தேன். “தெரிமா காசே” என்று அதே இனிமையான குரலில் நன்றி சொன்னது. என்னை மட்டும் அதற்கு ஒரே தொடலில் தெரிந்துவிடுகிறது.