செட்டில் ஆகாதவன் பல்லடம் போனது

காரில் இருந்தவர்கள் அம்மா, அம்மாவின் தம்பி முருகேசன் மாமா, நான். வர வேண்டியவர்களில் வராதவர் அப்பா. சோமனூரில் அவர் தறி ஓட்டும் கூடத்தில் மாற்று ஆள் ஊருக்குப் போய்விட்டதால், ஞாயிற்றுக்கிழமையும் அவரே நிற்க வேண்டியதாகிவிட்டது. காலை எட்டரை மணிக்கு, வண்டி நகரப் போகும் நேரத்தில், மாமாவுக்குச் சந்தேகம் வந்து தலைகளை எண்ணினார்.

"ஏனுங்க்கா, மூணு பேருதான இருக்கறோம்? நல்ல காரியத்துக்கு மூணு பேராப் போவாங்களா?"

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு ஏற்கெனவே இரண்டு வரன்கள் தட்டிப் போயிருந்தன. இது மூன்றாவது. இதுவும் தட்டினால் அடுத்த தை வரை பேச்சே எடுக்கப் போவதில்லை என்று அம்மா சொல்லியிருந்தார். அக்கம்பக்கத்தில் கூப்பிடலாம் என்றால் எல்லார் வீட்டிலும் பூட்டு. யாருடைய கல்யாணத்துக்கோ போயிருந்தார்கள். மாமாவின் பார்வை மெல்ல ஓட்டுநர் இருக்கைக்குப் போனது.

"செல்வம், நீங்க கார்லயே உக்காந்துக்காதீங்க. எங்களோட உள்ள வந்துருங்க. யாராச்சும் கேட்டா, பையனுக்குச் சித்தப்பா."

"சித்தப்பாவுக்கு வாடகை வேறங்களா?" என்றார் செல்வம்.

வாடகை முன்பே பேசியதுதான். போக வர ஆயிரத்து நானூறு. இரண்டு மணி நேரக் காத்திருப்பு அதில் அடக்கம். அதற்கு மேல் மணிக்கு நூறு. பேருந்தில் போனால் இதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஆனால் பெண் பார்க்கப் பேருந்தில் போய் இறங்கினால் என்ன நினைப்பார்கள் என்று அம்மா கேட்டார். என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கு ஒரு வார்த்தை இருக்கிறது.

இரண்டு வரனும் அந்த ஒரே வார்த்தையில்தான் தட்டின. "பையன் இன்னும் செட்டில் ஆகலையாமா."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். இங்கிலீஷ் வார்த்தை எது வீட்டுக்குள் வந்தாலும் என்னிடம்தான் அர்த்தம் கேட்பார்கள். இதற்கு மட்டும் என்னால் ஒரே பதிலாகச் சொல்ல முடிந்ததில்லை. ஒன்பதாம் வகுப்பில் கலங்கிய தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் வைத்து, மண் அடியில் போய்த் தங்கியதைக் காட்டி, இதுதான் செட்டில் என்றார் அறிவியல் டீச்சர். அப்பா முன்பு வேலை பார்த்த மில்லை மூடியபோது கையில் ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பினார்கள், அது செட்டில்மென்ட். அம்மாவுக்கு அவர் அப்பா மூன்று சென்ட் இடத்தை எழுதி வைத்த பத்திரத்துக்கும் அதே பெயர். இரண்டு பேர் வரப்புத் தகராறைப் பேசி முடித்தால் மாமா "செட்டில் பண்ணிப்போட்டேன்" என்பார். பெண் வீட்டார் கேட்பது இது எதுவுமில்லை. நிரந்தர வேலை, சொந்த வீடு, அப்புறம் இன்னதென்று சொல்ல முடியாத இன்னும் ஏதோ ஒன்று. அகராதியில் அந்த அர்த்தமும் இருக்கிறது. எவ்வளவு இருந்தால் போதும் என்பதைத்தான் போடவில்லை.

நான் பீளமேட்டுப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். ஒப்பந்த வேலை.

எட்டு ஐம்பதுக்குக் காரணம்பேட்டையில் டீ குடித்தோம். நான்கு டீ அறுபது ரூபாய். செல்வம் டயருக்குக் காற்றுப் பிடிக்கப் போயிருந்தபோது மாமா எங்கள் இருவருக்கும் உத்தரவு போட்டார்.

"காப்பி குடிக்கலாம், பலகாரம் தின்னலாம். சோத்துல மட்டும் யாரும் கை நனைச்சுப்போடாதீங்க."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. பேச்சு முடியும் முன் பெண் வீட்டில் சோறு சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் சம்மதம் என்று கணக்கு.

பல்லடம் சாலை அகலமானது. கோழிக் கூண்டுகள் அடுக்கிய லாரிகள் இறகு பறக்க எதிரே வந்தன. பல்லடத்தில் பூ, பழம், இனிப்பு வாங்கினோம், ஐந்நூற்றுத் தொண்ணூறு. அங்கிருந்து உடுமலை சாலையில் திரும்பியதும் தறிச் சத்தம் குறைந்து தென்னையும் தூரத்தில் காற்றாலையும் தெரிய ஆரம்பித்தன. பேச்சுக்காக, "செல்வண்ணா, நீங்க செட்டில் ஆயிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"காருக்கு இன்னும் ட்யூ கட்டிட்டுத்தான் இருக்கறனுங்க தம்பி. ஆனா பொண்ணு குடுத்துட்டாங்க. அப்ப ஆயிட்டேன்னுதானுங்களே அர்த்தம்?"

பத்து மணிக்குச் சற்று முன்பே போய்ச் சேர்ந்தோம். சோமனூரிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். பெண்ணின் அப்பா தங்கராசு, கோழிப்பண்ணை ஒன்றில் சூப்பர்வைசர். வாசலுக்கே வந்து "வாங்க, வாங்க" என்று ஆளாளுக்குத் தனித்தனியாகக் கும்பிட்டார். செல்வம் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, நான்காவதாக நுழைந்தார்.

நித்யா காபி கொண்டுவந்தாள். பி.காம். முடித்துக் குஞ்சு பொரிப்பகம் ஒன்றின் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறாள். தலையைக் குனியவில்லை, என்னை நேராகப் பார்த்துவிட்டு, டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். மழை, முட்டை விலை, நூல் விலை என்று பேச்சு ஒரு மணி நேரம் ஓடியது. நடுவில் செல்வம் போன் வந்ததென்று எழுந்து பின்பக்கம் போனார். பதினொன்று தாண்டியதும் தங்கராசு தொண்டையைச் செருமினார்.

"அப்புறம்... தம்பி செட்டில் ஆயிட்டாருன்னு புரோக்கர் சொன்னாருங்க."

அம்மா தரையைப் பார்த்தார். மாமா முந்திக்கொண்டார். "அதெல்லாம் செட்டில்தானுங்க. எங்கக்கா பேருல மூணு சென்ட்டு இடம், செட்டில்மென்ட் பத்திரமே இருக்குதுங்க."

"இல்லீங்க," என்றேன். "இடம் சும்மாதான் கெடக்குதுங்க. வாடகை வீட்லதான் இருக்கறோம். என்னோட வேலை காண்ட்ராக்டுங்க. வருசா வருசம் எழுதிக் குடுக்கோணும். புரோக்கர் சொன்ன மாதிரி இல்லீங்க."

மாமா என்னைப் பார்த்த பார்வையில், திரும்பி வரும்போது என்னை நடந்தே வரச் சொல்லிவிடுவார் போலிருந்தது. தங்கராசு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதே நேரம் அவர் மனைவி சமையற்கட்டிலிருந்து ஓடி வந்தார்.

"ஏனுங்க! அவிய சித்தப்பா கை நனைச்சுட்டாருங்க!"

எல்லோரும் எழுந்துவிட்டோம். பின்பக்கம் தலைவாழை இலையின் முன்னால் செல்வம் உட்கார்ந்திருந்தார். அரிசிம்பருப்புச் சோறு பாதி போயிருந்தது. ரசத்துக்குக் கையைக் குழித்து வைத்திருந்தார். நடந்தது இதுதான். பின்பக்கம் நின்றவரிடம் அந்த அம்மா மரியாதைக்கு, "சாப்புடறீங்களாண்ணா?" என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று சொல்வார் என நினைத்துக் கேட்டது. போன இடத்தில் டிரைவருக்குச் சோறு போடுவது வழக்கம்தானே என்று செல்வம், "போடுங்க அம்மணி, காலைலிருந்து ஒண்ணுமில்ல" என்றிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டில் சம்மதம் என்று நினைத்து அந்த அம்மா நெய்யையும் ஊற்றிவிட்டார்.

உண்மை பேச ஆரம்பித்தாயிற்று, இதை மட்டும் விடுவானேன் என்று தோன்றியது. "அவரு சித்தப்பா இல்லீங்க. டிரைவரு. மூணு பேரா வரக்கூடாதுன்னு உள்ள கூட்டிட்டு வந்தமுங்க."

செல்வம் இலையிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார். "உக்காருங்க, உக்காருங்க, பாதி இலையில எந்திரிக்கறதா?" என்று அவரை அமர்த்திவிட்டு, தங்கராசு மகளைத் திரும்பிப் பார்த்தார். "என்ன அம்மணி சொல்ற?"

நித்யா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். "முன்னாடி என்னையப் பாக்க வந்த ரெண்டு பேரும் செட்டில்னுதானேப்பா சொன்னாங்க? விசாரிச்சப்புறம்தானே இல்லைன்னு தெரிஞ்சுது? இவரு கேட்ட ஒடனே சொல்லிட்டாரு. எனக்கும் காண்ட்ராக்ட் வேலைதான். என்னைய யாரும் செட்டிலான்னு கேட்கக் காணோம்."

தங்கராசு மாமாவிடம் திரும்பினார்.

"ஏனுங்க, நீங்க நாலு பேரா வந்தீங்களா, மூணு பேரா வந்தீங்களா?"

"நாலுதானுங்க," என்றார் மாமா, பயந்துபோய்.

"நாலுன்னா இவரு உங்காளு. உங்காளுன்னா கை நனைச்சது நனைச்சதுதான். எல்லாரும் உக்காருங்க, யமகண்டத்துக்கு முன்னால சாப்புட்டுறலாம்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டார். நித்யா எனக்கு ரசம் ஊற்றும்போது, "சித்தப்பாவுக்கு ஊத்துன மாதிரி கையில வேணுங்களா?" என்று கேட்டாள். கையைக் குழித்துக் காட்டினேன்.

ஒன்றே முக்காலுக்குக் கிளம்பினோம். "நிச்சயத்துக்குச் சித்தப்பாவும் கட்டாயம் வரோணும்," என்று தங்கராசு காரின் கண்ணாடியைத் தட்டிச் சொன்னார். போகும்போது பார்த்த அதே காற்றாலைகள்தான்; திரும்பும்போதுதான் அவை சுற்றுவதைக் கவனித்தேன். ஊர் வந்ததும் மாமா பணத்தை எண்ணிக் கொடுத்தார். காத்திருப்புக்கான இருநூறை மட்டும் செல்வம் திருப்பி நீட்டினார். "கை நனைச்ச ஊட்டுல வெய்ட்டிங் வாங்கப்படாதுங்க."

நான் நேராகத் தறிக் கூடத்துக்குப் போனேன். அங்கே கத்தினாலும் கேட்காது, சைகைதான் பேச்சு. அப்பா தூரத்திலிருந்தே புருவத்தை உயர்த்தினார். ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அப்பா ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு பக்கத்துத் தறிக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, என்னைத் தோளோடு வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"நெசமாவா கண்ணு? செட்டில் ஆகலைன்னு சொல்லலையா?"

"நானேதான் சொன்னேனுங்கப்பா."

அப்பா தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டு சிரித்தார். மொத்தம் எவ்வளவு ஆச்சு என்று கேட்டார்.

கார், டீ, பூ, பழம், இனிப்பு எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து ஐம்பது ரூபாய்.